ஊர் கெட்டதற்குக் கட்சிகள்தான் காரணமா? (ஷட்டர் சாவி காணாமல் போன கதை)

வாசகர் ஒருவரின் கேள்வி: "ஒரு காலத்தில் ஊருக்குள் ஒற்றுமை இருந்தது. கண்மாய், கோயில், சுடுகாட்டுப் பாதை எல்லாம் பொது வேலையாக நடந்தன. கட்சிக் கொடி நட்ட நாளிலிருந்து எல்லாம் போய்விட்டது. இந்தச் சீரழிவுக்கு அரசியல்வாதிகளே முழுப் பொறுப்பு. மறுப்பவர் இருந்தால் சொல்லட்டும்."

2025 ஜூலை 6

மறுக்க வரவில்லை. என் பங்குக்கு ஒரு சாட்சி சொல்லிவிட்டுப் போகிறேன்.

சிவகங்கை மாவட்டத்தில் எங்கள் ஊர். நான் இருப்பது மதுரையில், கணக்கு எழுதும் பிழைப்பு. போன டிசம்பரில் இரண்டு நாள் விடாமல் மழை பெய்தபோது ஊரில்தான் இருந்தேன். கண்மாய் நிரம்பிக் கரை விளிம்பைத் தொட்டுவிட்டது. கலுங்கு வழியாகத் தண்ணீர் வெளியேற வேண்டும். ஆனால் கலுங்கு வாயில் சீமைக் கருவேலம் ஆள் உயரத்துக்கு நிற்கிறது. அதற்கு அப்பால் ஒருவர் பிளாட் போட்டு வேலிக்கல் ஊன்றியிருக்கிறார். சரி, மடையைத் திறந்தாவது மட்டத்தைக் குறைக்கலாம் என்றால் ஷட்டரைத் திருகும் சாவி இல்லை. ஒரு முழ நீளத்தில் இரும்புச் சாவி அது. ஒன்றிய அலுவலகத்தில் இருக்கிறது என்றார் ஒருவர். பழைய தலைவர் வீட்டு மாட்டுக்கொட்டகையில் பார்த்ததாக இன்னொருவர். சாவி வருவதற்குள் இரவு ஒன்பது மணிக்குக் கரை போய்விட்டது. பொதிக் கதிராக நின்ற பயிர் மணலுக்கடியில்.

அன்று கரையில் நாற்பது பேராவது நின்றோம். நாற்பது பேர் கையிலும் செல்போன் வெளிச்சம். மண்வெட்டி எத்தனை என்று கேட்காதீர்கள். மூன்று.

என் தாத்தா காலத்தில் இப்படி நடந்திருக்காது. சாவடியில் கூடி, வீட்டுக்கு ஓர் ஆள் என்று கரைக்குப் போயிருப்பார்கள். இதைக் கெடுத்தது யார்? கேள்வி கேட்டவர் சொல்வது சரிதான் என்று அன்றைக்கு எனக்கும் தோன்றியது.

ஜூலை 6, இரவு

மண்வெட்டி மூன்று இல்லை, நான்கு. நான்காவது எங்கள் சித்தப்பாவுடையது. நான் கொண்டு போகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவரே வந்து சொல்லிவிடுவார்.

ஜூலை 9

அரசியல்வாதி என்று பொத்தாம் பொதுவாகச் சொல்வதில் எனக்கு ஒரு சங்கடம். எந்த அரசியல்வாதி, எந்த வருஷம் என்று கேட்டால்தான் பேச்சு நகரும். கணக்கெழுதுகிறவன் புத்தி.

1948ல் ஜமீன்களை ஒழிக்கச் சட்டம் வந்தது. எங்கள் பக்கத்துக் கண்மாய்களெல்லாம் அப்படித்தான் ஜமீனிடமிருந்து சர்க்காருக்கு வந்தன. தமிழ்நாட்டில் 39,000க்கும் மேல் ஏரி, கண்மாய்கள். ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், நூறு ஏக்கருக்கு மேல் என்றால் பொதுப்பணித் துறை, கீழே என்றால் பஞ்சாயத்து ஒன்றியம் என்று பிரித்தார்கள். காகிதத்தில் சுத்தமாக இருக்கிறது. ஆனால் மேல் கண்மாய் ஒருவருக்கும் அதிலிருந்து தண்ணீர் வாங்கும் கீழ்க் கண்மாய் இன்னொருவருக்கும் போய்விட்டது. நடுவில் ஓடும் வரத்துக்கால் யாருக்கு? அது இன்னும் வருவாய்த் துறையின் புறம்போக்குக் கணக்கில். ஒரு சொட்டு மழைத் தண்ணீர் எங்கள் கண்மாய்க்கு வந்து சேர்வதற்குள் மூன்று அலுவலகங்களின் எல்லையைக் கடக்கிறது.

அப்புறம் 1980 நவம்பர். எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தில் கர்ணம் (கிராமக் கணக்கர்), முன்சீப் (மணியக்காரர்) பதவிகளை ஒழித்தது. பரம்பரையாகச் சிலரே அனுபவித்த பதவி. போனது நல்லதுதான், அதில் எனக்கு இரண்டு கருத்து கிடையாது. ஆனால் கண்மாய் உள்வாயில் எவன் மாடு கட்டினாலும் தெரிந்து வைத்திருந்த ஆள் அந்தக் கர்ணம். அவருக்குப் பதிலாகப் பரீட்சை எழுதி வந்த கிராம நிர்வாக அலுவலர் மூன்று வருஷத்தில் மாற்றலாகிப் போகிறார். அவரிடம் கண்மாயின் சர்வே எண் இருக்கும். கலுங்கு எந்தப் பக்கம் என்று நாம்தான் காட்ட வேண்டும்.

ஜூலை 13

ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் இதையெல்லாம் படித்துக் காட்டினேன். தாத்தா காலத்தில் ஊரே கரைக்குப் போன பகுதி வந்ததும் சிரித்துவிட்டாள்.

"ஊரே போச்சா? உங்க தாத்தா புளியமரத்து நெழல்ல துண்டை விரிச்சு உக்காந்திருப்பாரு. மண்ணு சுமந்தது பூரா காலனிக்காரங்க. மேலத்தெருவுல இருந்து ஒருத்தன் கூடை தூக்கி நான் பாக்கல."

தமுக்கு அடித்தது யார், கூப்பிட்டு வராதவர் வீட்டுக்குப் போய்ச் சத்தம் போட்டது யார் என்றும் சொன்னாள். அதை இங்கே எழுதப் போவதில்லை. பெயர் சொன்னால் இன்றும் சொந்தக்காரர்கள்.

ஆகவே 6ஆம் தேதி எழுதியதில் "சாவடியில் கூடி, வீட்டுக்கு ஓர் ஆள்" என்ற வரியை அடித்துவிடுங்கள். ஊரார் கூடிக் கண்மாயைச் செப்பனிடுவதைக் குடிமராமத்து என்று நாம் நெகிழ்ந்து சொல்கிறோம். அதற்கு வெள்ளைக்காரன் 1858ல் போட்ட சட்டத்தின் பெயரே கட்டாய வேலைச் சட்டம். வழக்கமாகச் செய்ய வேண்டிய வேலைக்கு வராதவனிடம் கூலியைப் போல இரண்டு மடங்கு பிடிக்க அதில் வழி இருந்தது. மனமொத்துச் செய்கிற வேலைக்கு அபராதம் எதற்கு?

இப்போது கேள்வி கேட்டவருக்கு ஒரு கேள்வி. அந்த "ஒற்றுமை" உடைந்தது யாருக்கு நஷ்டம்? கூடை தூக்கியவர் பேரன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் மாசச் சம்பளம் வாங்குகிறான். அவனைக் கேட்டால் போனது போகட்டும் என்பான்.

ஜூலை 14

ஒருவர் கோபித்துக்கொண்டார். சாதியை இழுத்துப் பேச்சைத் திசை திருப்புகிறேனாம். மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தில் கொட்டகச்சியேந்தல். தலைவர் பதவியைப் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கியதால் 1996லிருந்து 2006 வரை பத்து வருஷம் தேர்தலை நடக்கவிடவில்லை. நடந்தாலும் ஜெயித்தவரை உடனே ராஜினாமா செய்ய வைத்தார்கள். அங்கெல்லாம் ஊர் ஒற்றுமைக்குக் குறைவே இல்லை. மேலவளவில் 1997ல் பஞ்சாயத்துத் தலைவர் முருகேசனையும் உடனிருந்தவர்களையும் பட்டப்பகலில் பேருந்தை மறித்து வெட்டியதும் ஒற்றுமையாகத்தான். திசை திருப்பவில்லை, திசையே அதுதான்.

ஜூலை 20

கோபத்தில் எழுதியதை இன்று மறுபடி படித்தேன். எழுதியதில் தப்பில்லை, ஆனால் பாதியில் நிற்கிறது. பழையது மோசம் என்று நிரூபித்துவிட்டால் இப்போது கரை உடைவதற்கு யாருமே பொறுப்பில்லை என்று ஆகிவிடுமே.

எனக்குத் தோன்றுவது இது. பழைய ஏற்பாடு போக வேண்டியது. அந்த இடத்தில் வேறொன்றை வைக்க வேண்டியவர்கள் வைக்கவில்லை. வைக்காமலே இருக்க வழி ஒன்று கண்டுபிடித்தார்கள்: தலைக்குத் தலை கொடுப்பது.

கரண்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு காலத்து விவசாயிகள் போராட்டம், துப்பாக்கிச் சூடு, உயிர்ப்பலி எல்லாம் கடந்து வந்த உரிமை, குறை சொல்ல எனக்கு வாய் கிடையாது. 1984ல் சிறு விவசாயிகளுக்கு பம்ப்செட் கரண்ட் இலவசமானது, 1989-91 தி.மு.க. ஆட்சியில் எல்லோருக்கும். எங்கள் ஊரில் முதல் போர் போட்டது என் அப்பா. பச்சை பெயின்ட் அடித்த மோட்டார் ரூம், கதவில் சந்தனம், குங்குமம். முதல் தண்ணீர் குழாயில் சிவப்பாகச் சேறு கலந்து வந்து பிறகு தெளிந்தபோது பக்கத்து வயல்காரர்கள் கைதட்டினார்கள். அந்த வருஷத்திலிருந்து அப்பாவுக்குக் கண்மாய் தேவைப்படவில்லை. நிரம்பினால் போர் ஊறும், அவ்வளவுதான். கரைக்கு வரி கேட்டால் "எனக்கு மடைத் தண்ணி வேண்டாமே" என்பார். நியாயமான பேச்சு. அதே நியாயத்தை அடுத்த பத்து வருஷத்தில் முப்பது வீடு பேசியது.

கடைசியில் மடைத் தண்ணீரை நம்பி நின்றவர்கள் போர் போட வசதியில்லாத கடைமடைக்காரர்கள் மட்டும். அவர்கள் யார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டுக்கு வீடு வந்தது நிறைய. டி.வி. வந்தது, மிக்சி, கிரைண்டர் வந்தது, ஆடு வந்தது. நாங்கள் வரிசையில் நின்று வாங்கினோம், அம்மா வாங்கிய மின்விசிறி இப்போதும் தலைக்கு மேல் சுற்றுகிறது. ஊருக்குப் பொதுவாக வந்த ஒன்றைச் சொல்லுங்கள் என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

ஜூலை 21

"ரோடு, ஆரம்ப சுகாதார நிலையம், பள்ளிக்கூடம், ரேஷன் கடை" என்று ஒருவர் பட்டியல் அனுப்பியிருக்கிறார். சரி. ஒப்புக்கொள்கிறேன். நேற்றைய கடைசி வரி அவசரத்தில் எழுதியது. இவை இல்லாவிட்டால் நான் கணக்கு எழுதும் வேலைக்கே வந்திருக்க மாட்டேன்.

ஆனால் இவை எல்லாம் மேலே இருந்து வந்தவை. நாங்கள் கூடிப் பேசி, பணத்தை எண்ணி, சண்டை போட்டு நடத்துகிற பொதுக்காரியம் எது மிஞ்சியிருக்கிறது என்று கேட்டிருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 3

"எடப்பாடி ஆட்சியில் குடிமராமத்து மறுபடி வந்ததே" என்று கேட்கிறார்கள். வந்தது. 2017 மார்ச்சில் மணிமங்கலம் ஏரியில் தொடங்கி வைத்தார்கள், முதல் தவணை 100 கோடி. பயன்பெறும் விவசாயிகள் பத்து சதவீதம் உழைப்பாகவோ பொருளாகவோ பங்கு போட வேண்டும் என்பது விதி. நல்ல விதி.

எங்கள் ஊருக்கு அடுத்த சுற்றில் வந்தது. ஒரு காலைப் பொழுதில் சங்கம் பதிவாகியிருந்தது. தலைவர், செயலாளர், பொருளாளர் மூன்று பேருக்கும் ஒரே கரைவேட்டி. பத்து சதவீத உழைப்புக்கு ஆதாரமாக நாங்கள் மண்வெட்டியோடு நிற்கிற போட்டோ எடுத்தார்கள். மண்வெட்டிகளை அவர்களே கொண்டு வந்து, எடுத்து முடித்ததும் எண்ணி வாங்கி வண்டியில் போட்டுக்கொண்டார்கள். மறுநாளிலிருந்து ஜே.சி.பி. எடுத்த மண்ணில் பாதி கரைக்கு, பாதி செங்கல் சூளைக்கு. கலுங்குப் பக்கத்துக் கருவேலம் அப்படியே நின்றது. அது கரி மூட்டம் போடுகிறவருக்கு முன்பே பேசி முடித்த மரம்.

2017லேயே உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீர்நிலைகளில் சீமைக் கருவேலத்தை வேரோடு பிடுங்கச் சொன்னது. நீதிமன்றமே உலகனேரிக் கண்மாயில் எழுந்த கட்டடம் என்பதால் அங்கே மட்டும் கருவேலம் இல்லை.

ஆகஸ்ட் 4

2021ல் வந்த தி.மு.க. ஆட்சியை ஏன் விட்டுவிட்டாய் என்று ஒரே நாளில் ஐந்து பேர். விடவில்லை. வண்டல் எடுக்க வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி என்று போன வருஷம் எளிதாக்கினார்கள். எங்கள் சித்தப்பா எட்டு டிராக்டர் நடை அடித்தார், வயல் நன்றாக இருக்கிறது. எட்டு நடைக்கு வாங்கிய சீட்டில் எண்பது நடை ஓட்டியவரையும் எனக்குத் தெரியும். அவர் போன ஆட்சியிலும் மண் ஓட்டினார். கொடியை மட்டும் மாற்றிக்கொண்டார், டிராக்டர் அதேதான்.

ஆகஸ்ட் 17

சுதந்திர தின கிராம சபைக்காக ஊருக்குப் போயிருந்தேன். மேடையில் தலைவர் நாற்காலி காலி. 2019 டிசம்பரில் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர்களின் பதவிக்காலம் இந்த ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு அரசு நியமித்த தனி அலுவலர். அவருக்கு எங்களைப் போல ஒரு டஜன் கணக்கில் ஊர்கள். எங்கள் முறை வரும்போது மணி ஒன்று, பந்தல்காரன் கயிறை அவிழ்க்கத் தொடங்கிவிட்டான். கரை உடைப்பைப் பற்றிக் கேட்டேன். "மனுவாக் குடுங்க சார்." கொடுத்தேன். ரசீது கிடைத்தது.

தலைப்புக் கேள்விக்கு என்னிடம் நேரான பதில் ஒன்று உண்டென்றால் அது இந்தக் காலி நாற்காலிதான். தேதிகளைப் பாருங்கள். 1970ல் உள்ளாட்சித் தேர்தல், அடுத்தது 1986ல். அதற்கடுத்தது 1996ல், அதுவும் அரசியல் சட்டத்தைத் திருத்திக் கட்டாயமாக்கிய பிறகு. சென்னை மாநகராட்சிக்கு 1973லிருந்து 1996 வரை மன்றமே இல்லை. 2016ல் ஒரு கட்சி போட்ட வழக்கில், வேட்புமனு வாங்கிய பிறகு தேர்தல் ரத்தானது. ஆண்ட கட்சி அதையே சாக்காக வைத்து மூன்று வருஷம் இழுத்தது. தேர்ந்தெடுத்த மன்றம் இல்லை என்று டெல்லி நிதிக்குழுப் பணத்தை நிறுத்தி வைத்தது. இப்போது மறுபடியும் தனி அலுவலர்.

எல்லாக் கட்சியும் ஒத்துப்போகிற ஒரே விஷயம் இது. ஊரில் ஒருவர் பொறுப்பாக இருந்தால் சட்டமன்ற உறுப்பினருக்கு என்ன வேலை? கல்யாணம், காதுகுத்துக்கு வந்து போகிறவரிடம்தான் குழாய்க்கும் கேட்க வேண்டும், கரைக்கும் கேட்க வேண்டும் என்று பழக்கிவிட்டார்கள்.

இருந்த தலைவர் பெரிய யோக்கியர் என்று சொல்லவில்லை. ஆனால் அவர் வீட்டுத் திண்ணை எங்கே இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும். இரவு பத்து மணிக்குப் போய்க் கத்தலாம்.

ஆகஸ்ட் 24

கண்மாய் என்றதும் மீனைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே என்று வருத்தப்பட்டவருக்காக.

தண்ணீர் வற்றி முழங்காலுக்கு வந்ததும் அழிகண்மாய் என்று சொல்லி வெள்ளைத் துண்டை வீசுவார்கள். அவ்வளவுதான், ஊத்தாக் கூடையோடும் கச்சா வலையோடும் சுற்றுப்பட்டு ஊர் எல்லாம் இறங்கும். சேற்றில் விரால் வழுக்கி ஓடும். ஊத்தாவுக்குள் சிக்கினால் கைக்கு முட்டும், அந்த முட்டல் தெரிந்ததும் மேல் வாய் வழியாகக் கையை விட்டுச் செவுளைப் பிடிக்க வேண்டும். அன்று சாயங்காலம் தெருத் தெருவாக ஒரே குழம்பு வாசனை. அம்மாவிடம் இதைச் சரிபார்த்துவிட்டேன்: மீன் பிடிக்க எல்லாத் தெருவும் இறங்கியது உண்மைதான். சேற்றுக்குள் இறங்கிவிட்டால் யார் எந்தத் தெரு என்று அடையாளம் தெரியாது என்றாள்.

பிறகு மீன்பாசி ஏலம், அதாவது மீன் பிடிக்கும் உரிமைக்கான ஏலம், பெரிதானது. குத்தகை எடுத்தவர் கட்லா குஞ்சு விட்டு, வலை போட்டு, வண்டியில் ஏற்றி அனுப்புகிறார். ஏலப் பணத்தில் ஊர்ப் பொதுவுக்கு வரும் பங்குக்கு நோட்டுப் புத்தகம் ஒன்று உண்டு. கேட்டால் "எழுதிட்டு இருக்கோம்" என்பார்கள். மூன்று வருஷமாக எழுதுகிறார்கள்.

செப்டம்பர் 14

உத்திரமேரூர்க் குடவோலையைக் காட்டி "ஆயிரம் வருஷத்துக்கு முன்பே ஜனநாயகம்" என்று ஒருவர். முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், ஏரி வாரியம் என்றே தனிக் குழு. இருக்கட்டும். அது பிராமணர்களின் சபை. கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனை, 35லிருந்து 70க்குள் வயது என்று நிபந்தனை வேறு. என் தாத்தாவின் பெயரே குடத்துக்குள் போயிருக்காது, கூடை தூக்கியவருக்கு எங்கே?

ஆனால் அதில் ஒரு விதி என்னைத் தூங்கவிடவில்லை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் போடக்கூடாது. அவன் மட்டுமில்லை, அவன் அப்பன், மகன், சகோதரன், மாமன், மைத்துனன் பெயரையும் போடக்கூடாது. அந்த ஒரு விதியை மட்டும் இன்று கொண்டு வந்தால் எங்கள் மாவட்டத்தில் எந்தக் கட்சிக்கும் வேட்பாளர் கிடைக்க மாட்டார். மீன்பாசி நோட்டுக்காரர் எனக்கு மைத்துனர் முறை. நானும் அவுட்.

செப்டம்பர் 28

ஷட்டர் சாவி கிடைத்துவிட்டது.

சித்தப்பா நேற்று இரவு போனில் கூப்பிட்டார். நவராத்திரிக்கு வீட்டைச் சுத்தம் செய்கிறபோது பரணில் பழைய குதிருக்குப் பின்னால், சாக்கில் சுற்றி. எங்கள் வீட்டுப் பரணில்.

கதை இப்படி. மடையைத் திறந்து அடைக்கும் நீர்ப்பாய்ச்சிக்கு அறுப்புக் களத்தில் நெல் கொடுப்பது வழக்கம், சுதந்திரம் என்று அதற்குப் பெயர். அப்பா போர் போட்டதும் முதலில் நிறுத்தியது அந்த நெல்லைத்தான். ஒருவர் பின் ஒருவராக மற்றவர்களும். 2003 வறட்சியில் கண்மாய் வெடித்துக் கிடந்தபோது அந்தப் பெரியவர் சாவியைக் கொண்டு வந்து எங்கள் திண்ணையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அப்போது அப்பாதான் பாசனச் சங்கத்துச் செயலாளர். "இனிமே நீங்களே தொறந்துக்கங்க" என்றாராம். அப்பா அதைப் பரணில் போட்டுவிட்டார். யாரும் கேட்கவில்லை. தண்ணீரே இல்லையே, எதற்குக் கேட்பார்கள்?

நான் இங்கே ஒன்றிய அலுவலகத்தையும் பழைய தலைவரின் மாட்டுக்கொட்டகையையும் எழுதி மூன்று மாசமாகிறது. பழைய தலைவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "சரி விடு, எத்தனையோ சொல்றாங்க, இதையும் சொல்லிட்டீங்க" என்றார்.

இதை வைத்து "பார், அரசியல்வாதி மேல் தப்பில்லை" என்று யாராவது கிளம்பினால் சண்டைக்கு வருவேன். அந்தப் பெரியவருக்கு மாசம் ஓராயிரம் ரூபாய் கொடுத்து மடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்ல எந்தச் சர்க்காருக்கும் தோன்றவில்லை. நூறு நாள் வேலையில் 2025ல் நாள் கூலி 336 ரூபாய். வருஷத்துக்கு முப்பது நாள் கூலி ஒருவருக்குக் கொடுத்திருந்தால் மடைக்கு ஆள் இருந்திருக்கும். எங்கள் வீட்டுத் தப்பு நெல்லோடு முடிந்தது. அதற்குமேல் ஒரு தப்பு இருக்கிறது, அது கோட்டையில் இருக்கிறது.

செப்டம்பர் 29

"உங்கள் வீட்டுத் தப்பு நெல்லோடு முடிந்ததா?" என்று ஒரே வரியில் கேட்டிருக்கிறார் ஒருவர். நேற்று எழுதும்போதே அந்த வரி சரியில்லை என்று தெரியும்.

அக்டோபர் 12

சாவியை எடுத்துக்கொண்டு மடைக்குப் போனோம். நான், சித்தப்பா, பெரியவரின் பேரன். திருப்பூரிலிருந்து அம்மன் கும்பிட வந்தவன். தாத்தா திருகுவதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறான், நான் பார்த்ததில்லை. தேங்காயெண்ணெய், மண்ணெண்ணெய், சுத்தியல் எல்லாம் தயார்.

சாவி பொருந்தவில்லை.

நடுவில் ஏதோ ஒரு திட்டத்தில் பழைய மடையை இடித்துப் புது ஷட்டர் போட்டிருக்கிறார்கள். இதற்குச் சாவி தேவையே இல்லை, கார் ஸ்டீரிங் மாதிரி ஒரு சக்கரம் மேலே இருக்க வேண்டும். அதைப் பழைய இரும்புக்காரனுக்கு யாரோ போட்டுவிட்டார்கள். மரை மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கிறது. பையன் பைப் ரெஞ்சை மாட்டித் திருகிப் பார்த்தான். கால் சுற்று வந்தது, பிறகு நின்றுவிட்டது.

"பட்டறையில குடுத்தா ஒரு சக்கரம் செஞ்சுரலாம்ணே, மூவாயிரம் ஆகும்" என்றான். பிறகு, "யாரு குடுப்பா?" என்றும் கேட்டான்.

அக்டோபர் 21

தீபாவளிக்கு முந்தின இரவிலிருந்து மழை. கண்மாயில் முக்கால் அளவு தண்ணீர். உடைந்த இடத்தில் போட்ட மணல் மூட்டைகள் இதுவரை நிற்கின்றன.

சக்கரத்துக்கு இதுவரை சேர்ந்தது 1,850 ரூபாய். மேலத்தெருவில் ஆறு வீடு, காலனியில் பதினொன்று. நோட்டுப் போட்டு எழுதி வைத்திருக்கிறேன். நோட்டு சித்தப்பா வீட்டில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். செய்து மாட்டினால் மறுபடி திருடு போகுமே, எங்கே வைப்பது என்று இப்போது சண்டை. கோயிலில் என்கிறார்கள் மேலத்தெருவில். எந்தக் கோயில் என்று கேட்கிறார்கள் காலனியில்.

ஆகஸ்டில் கொடுத்த மனுவுக்குப் பதில் வந்திருக்கிறது. மேல்நடவடிக்கைக்காக வேறொரு அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறார்களாம். அவர்களிடமிருந்து நேற்று போன். மடையின் போட்டோ வேண்டுமாம், சக்கரம் தெரிகிற மாதிரி.